பத்தாவது கணக்கு: கிராஃப் அடியில் தட்டையாக வருகிறது, எங்கே தப்பு?

அத்தோ_வண்டி (இரவு 11:50)

வணக்கம். வியாசர்பாடியில் இருந்து எழுதுகிறேன். சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வண்டி போடுகிறோம், அதனால் பதில் சொல்ல நேரமானால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மகள் பத்தாவது. நான் ஒன்பதாவதோடு நின்றவள். அரையாண்டுத் தேர்வில் கிராஃப் கணக்குக்கு 8-க்கு 3 மார்க் வாங்கி வந்திருக்கிறாள். சிவப்பு மையில் ஒரு சுழி, பக்கத்தில் "வளைவு சரியில்லை". ஏன் சரியில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் நானே உட்கார்ந்து பார்த்திருப்பேன். மகளைக் கேட்டால், "எல்லாப் புள்ளியும் சரியாத்தான்மா வெச்சேன்" என்கிறாள். நானும் கட்டம் கட்டமாக விரலை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டேன். புள்ளிகள் சரியாகத்தான் இருக்கின்றன.

என் போனில் தமிழ் கீபோர்டு மட்டும்தான். எக்ஸுக்கு 'எ', ஒய்க்கு 'ஒ' என்று போடுகிறேன். கணக்கு இது: ஒ = எ² − 3எ − 4 என்பதன் வரைபடம் வரைக. அதைக்கொண்டு எ² − 4எ − 5 = 0 என்ற சமன்பாட்டைத் தீர்க்க.

அவள் போட்ட அட்டவணை:

எ: −2, −1, 0, 1, 2, 3, 4, 5
ஒ: 6, 0, −4, −6, −6, −4, 0, 6

புள்ளிகளை ஸ்கேல் வைத்துச் சேர்த்திருக்கிறாள். அடியில் (1, −6), (2, −6) இரண்டுக்கும் நடுவில் ஒரு நேர்க்கோடு. மொத்தத்தில் பார்த்தால் வாய் அகன்ற குண்டான் மாதிரி இருக்கிறது. இரண்டாவது பாதியை எழுதவே இல்லை. "கழிக்கணும்னு சொன்னாங்க, எதுல இருந்து எதைன்னு மறந்துபோச்சு" என்றாள்.

எனக்குப் பதிலை மட்டும் சொல்ல வேண்டாம். புரிகிற மாதிரி சொல்லுங்கள், நான் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

ப்ளஸ்ஒன்_கொருக்குப்பேட்டை (காலை 6:15)

அக்கா, போன வருஷம்தான் எழுதினேன். முதல் விஷயம், ஸ்கேலைப் பிடுங்கி ஒளித்து வையுங்கள். இருபடிக்கு, அதாவது எ² வருகிற கணக்குக்கு, ஸ்கேல் தொடவே கூடாது, கையால் ஓட்டமாக வளைக்க வேண்டும். பென்சிலைப் பிடித்த கையை வளைவுக்கு உள்பக்கம் வைத்துக்கொண்டு வரைந்தால் சுலபமாக வரும். அதற்குத் தாளைத் திருப்பிக்கொள்ளலாம், தப்பில்லை.

அப்புறம் பயப்படாதீர்கள். 100 மார்க் தாளில் வடிவியல் 8, கிராஃப் 8. பாஸுக்கு 35. அதில் 16 வரைகிற கணக்கிலேயே கிடைத்துவிடும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இதில்தான் கரையேறினோம். அளவுத்திட்டத்தை, அதாவது ஒரு சென்டிமீட்டர் எத்தனை அலகு என்பதை, மேலே மூலையில் எழுதினாளா என்று பாருங்கள். அதை மறந்தாலும் மார்க் போகும்.

வண்ணை_வாத்தியார் (காலை 7:40)

தம்பி சொன்னதில் தப்பில்லை. ஆனால் "கையால் வளை" என்றால் ஏன் வளைக்க வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் இந்த வட்டாரத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தக் குண்டானை வருஷத்துக்கு இருபது தடவையாவது பார்த்திருப்பேன்.

அம்மா, மகள் எட்டு இடத்தில் கணக்குப் போட்டிருக்கிறாள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று அவள் பார்க்கவே இல்லை. எ = 1.5 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 1.5-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 2.25. மூன்று ஒன்றரை 4.5. ஆக 2.25 − 4.5 − 4 = −6.25. தட்டையாக இருக்கிறது என்று அவள் நினைத்த இடத்தில் கோடு இன்னும் கால் அலகு இறங்கியிருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் ஓர் அலகு என்று வைத்திருந்தால், தாளில் இரண்டரைக் குட்டிக் கட்டம். அவ்வளவுதான் அந்தக் குண்டானுக்கும் பரவளையத்துக்கும் (இருபடிக்கு வருகிற வளைவின் பெயர்) உள்ள தூரம், அதற்குத்தான் சிவப்பு மை.

அந்த 1.5 எங்கிருந்து வந்தது? அவளுடைய அட்டவணையைப் பாருங்கள்: 6, 0, −4, −6, −6, −4, 0, 6. 'விகடகவி' மாதிரி, முன்னால் இருந்து படித்தாலும் பின்னால் இருந்து படித்தாலும் ஒன்று. இந்த வளைவைச் சரியாக நடுவில் மடித்தால் இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். மடிக்கிற இடம் 1-க்கும் 2-க்கும் நடுவில். அதைத்தான் சமச்சீர் அச்சு என்று புத்தகம் சொல்கிறது. அந்த மடிப்பில்தான் முனை, அதாவது வளைவு திரும்புகிற புள்ளி, இருக்கும். அட்டவணையில் அடியில் ஒரே எண் இரண்டு தடவை வந்தால், "ஆகா, முனை நடுவில் ஒளிந்திருக்கிறது" என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே தட்டையாகக் கோடு போட்டுவிடக் கூடாது.

இன்னொன்று சொல்லித் தருகிறேன், இது மார்க்குக்காக இல்லை, தப்பைப் பிடிப்பதற்கு. பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசத்தை எழுதுங்கள்: −6, −4, −2, 0, 2, 4, 6. இரண்டிரண்டாக ஏறுகிறதா? எ²-க்கு முன்னால் நிற்கிற எண், அதாவது கெழு, 1 என்றால் எப்போதும் இரண்டிரண்டாகத்தான் ஏறும். கெழு 3 என்றால் ஆறாறாக. நேரிய சமன்பாடாக இருந்தால் முதல் வித்தியாசமே மாறாது, அதனால்தான் அது நேர்க்கோடு. பிள்ளைகள் (−2)²-ஐ −4 என்று போடுவார்கள். கால்குலேட்டரில் அடைப்புக்குறி போடாமல் தட்டினாலும் −4 என்றுதான் வரும். அப்போது முதல் எண் 6-க்குப் பதில் −2 ஆகிவிடும், வித்தியாசம் 2, −4, −2 என்று கன்னாபின்னாவாக ஓடும். தாளில் புள்ளி வைக்கும் முன்பே தப்பு கையில் சிக்கிவிடும்.

மீட்டர்_போடாத_ஆட்டோ (காலை 10:20)

எல்லாம் சரி வாத்தியாரே. இதைப் படித்து என்ன பண்ணப் போகிறது அந்தப் பொண்ணு? நானும் மின்ட் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாவது வரைக்கும் எ, ஒ எல்லாம் போட்டவன்தான். இருபது வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறேன், ஒரு நாள்கூட எந்த சவாரியும் வந்து "அண்ணே, பரவளையம் வரைஞ்சு காட்டுங்க" என்று கேட்கவில்லை.

கேரம்_சுண்டு (காலை 10:32)

அண்ணே, உங்கள் பெயரிலேயே ஒரு நேரிய சமன்பாடு இருக்கிறது. 2013-இல் அரசு போட்ட மீட்டர் கட்டணம் நினைவிருக்கிறதா? முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். தூரம் எ, காசு ஒ. ஒ = 25 + 12(எ − 1.8). விரித்தால் ஒ = 12எ + 3.4.

12 தான் சாய்வு. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கோடு 12 ஏறும். 3.4 என்பது ஒ-வெட்டுத்துண்டு, அதாவது எ பூஜ்யமாகும்போது கோடு ஒ அச்சை வெட்டுகிற இடம்.

மீட்டர்_போடாத_ஆட்டோ (காலை 10:41)

அதாவது தூரம் பூஜ்யம் என்றால் 3 ரூபாய் 40 காசா? வண்டியில் ஏறி உட்கார்ந்து இறங்கினால் 3.40 கொடுப்பானா? எந்த ஊர் நியாயம் இது?

வண்ணை_வாத்தியார் (காலை 11:05)

வகுப்பில் முதல் பெஞ்சுகூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, அண்ணே! 3.40 வெறும் காகிதக் கணக்கு. அந்தக் கோடு 1.8-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் கட்டணம் 25-இல் தட்டையாகக் கிடக்கிறது. ஆக உங்கள் மீட்டர் கிராஃப் முதலில் ஒரு கிடைக்கோடு, 1.8 வந்ததும் அங்கிருந்து சாய்வுக்கோடு. சமன்பாடு எந்த எல்லைக்குள் செல்லும் என்று கேட்காமல் இரண்டு பக்கமும் கோட்டை இழுத்துவிடுவது பெரிய படிப்புப் படித்தவர்களும் செய்கிற தப்பு.

பார்த்தீர்களா, இந்தக் கிராஃபில் தட்டை சரி, பாப்பா வரைந்ததில் தட்டை தப்பு. எது எங்கே என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் போதும்.

அத்தோ_வண்டி (மதியம் 2:10)

மகள் பள்ளிக்குப் போயிருக்கிறாள், நான் முட்டைகோஸ் நறுக்கிக்கொண்டே படிக்கிறேன். 1.5 புரிந்தது, விகடகவியும் புரிந்தது. பின்பக்க அட்டையில் ஒரு தடவை போட்டே பார்த்துவிட்டேன். அந்த இரண்டாவது பாதிதான் இன்னும் வரவில்லை. எதற்குக் கழிக்கிறோம்?

கேரம்_சுண்டு (மதியம் 2:45)

அக்கா, எனக்கும் பாலிடெக்னிக் வந்தபிறகுதான் புரிந்தது. நான் புரிந்துகொண்ட மாதிரியே சொல்கிறேன்.

தீர்க்க வேண்டியது எ² − 4எ − 5 = 0. கையில் இருக்கிற வளைவு எ² − 3எ − 4. இரண்டும் வேறு வேறு. புதிதாக ஒரு வளைவு வரைய நேரமில்லை, இருக்கிறதை வைத்தே ஒப்பேற்ற வேண்டும். சரி, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்? வரைந்ததில் இருந்து கேட்டதைக் கழித்தால் எ² போய்விடும், −3எ + 4எ = எ, −4 + 5 = 1. மீதி எ + 1.

அதாவது வளைவின் உயரம் எப்போதும் "கேட்டது + (எ + 1)". கேட்டது பூஜ்யமாகிற இடத்தில் வளைவின் உயரம் வெறும் எ + 1 ஆகத்தான் இருக்கும். அப்படியானால் ஒ = எ + 1 என்று ஒரு நேர்க்கோடு போட்டு, வளைவும் கோடும் எங்கே ஒரே உயரத்தில் சந்திக்கின்றன என்று பார்த்தால் போதும். இதற்கு ஸ்கேலைத் தாராளமாக எடுக்கலாம். (−1, 0), (0, 1), (1, 2) மூன்று புள்ளி போதும், நீட்டி விடுங்கள். (−1, 0)-இலும் (5, 6)-இலும் வெட்டும். விடை −1, 5. போட்டுப் பாருங்கள்: 25 − 20 − 5 = 0. 1 + 4 − 5 = 0.

வெட்டிய இடத்திலிருந்து கீழே எ அச்சுக்கு ஒரு புள்ளிக்கோடு இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். விடை எ-யின் மதிப்புதான், சந்திக்கிற புள்ளி முழுவதும் இல்லை. அவசரத்தில் (5, 6) என்றே விடையாக எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு. நானே வந்திருக்கிறேன்.

நேர்க்கோடு பற்றிக் கேட்டால் கேரம்போர்டில் இறங்கிவிடுவேன். ஸ்ட்ரைக்கர் எதிர்ச் சட்டத்தில் பட்டுத் திரும்பும்போது சாய்வின் அளவு அப்படியே இருக்கும், குறி மட்டும் மாறும். 2 ஆகப் போனது −2 ஆக வரும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இதைப் பெயர் தெரியாமலே போடுவார்கள். புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024-இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் எடுத்தாரே, அவர் அடிக்கிற ஒவ்வொரு ரீபவுண்டும் சாய்வுக் கணக்குதான்.

ப்ளஸ்ஒன்_கொருக்குப்பேட்டை (மாலை 4:50)

ஸ்பின் கொடுத்து அடித்தால் குறி மட்டும் மாறாது ப்ரோ.

கேரம்_சுண்டு (மாலை 4:52)

சரிடா தம்பி. ஸ்பின் இல்லாமல்.

ராயபுரம்_ரயில் (மாலை 6:30)

இழைக்குள் கொஞ்சம் தடம் புரள்கிறேன், மன்னிக்கவும். அந்தப் பாப்பாவை ஒரு நாள் ராயபுரம் சோமு செட்டித் தெருவுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே ஔவை கலைக் கழகக் கட்டடத்தில் ராமானுஜன் பெயரில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. கணக்கு ஆசிரியர் பி.கே. சீனிவாசன் 1993-இல் உண்டாக்கியது. 1912-இல் ராமானுஜன் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்தார். அதே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிக்கு நடுவில்தான் நாம் தினமும் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறோம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மீட்டர்_போடாத_ஆட்டோ (மாலை 6:44)

சோமு செட்டித் தெரு தெரியும், ஆயிரம் தடவை அந்தப் பக்கம் போயிருப்பேன். இந்த மியூசியம் இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. நேர்க்கோடு சரி, ஒத்துக்கொண்டேன். இந்த வளைகிற கோடு யாருக்கு வேண்டும்? பந்து வளைந்து போகும், ராக்கெட் வளைந்து போகும் என்று கதை விடாதீர்கள்.

வண்ணை_வாத்தியார் (இரவு 8:15)

பந்தும் வேண்டாம், ராக்கெட்டும் வேண்டாம். அத்தோ போதும்.

அம்மா, ஒரு ப்ளேட் என்ன விலை, ஒரு நாளைக்கு எத்தனை போகும், ஒரு ப்ளேட்டுக்கு என்ன செலவு? சொன்னால் போதும்.

அத்தோ_வண்டி (இரவு 12:05)

இப்போதுதான் வண்டியைத் துடைத்து நிறுத்தினேன். ப்ளேட் 60 சார், வாழைத்தண்டு சூப் சேர்த்து. நாளுக்குச் சராசரியாக 80. நூடுல்ஸ், முட்டை, எண்ணெய், பூண்டு வறுவல், தட்டு எல்லாம் சேர்த்து ப்ளேட்டுக்கு 35 ஆகும். அது போக கேஸ், உதவிக்கு வருகிற பையன் கூலி என்று நாளுக்கு 600.

வண்ணை_வாத்தியார் (காலை 5:55)

தூக்கம் வரவில்லை, உங்கள் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் நேர்க்கோடு. எ ப்ளேட் விற்றால் வரவு 60எ. செலவு 35எ + 600. இரண்டு கோட்டையும் ஒரே தாளில் வரைந்தால் எங்கே வெட்டும்? 60எ = 35எ + 600. 25எ = 600. எ = 24. இருபத்து நாலாவது ப்ளேட் வரைக்கும் நீங்கள் நூடுல்ஸ் கடைக்காரருக்கும் கேஸுக்கும் பையனுக்கும்தான் உழைக்கிறீர்கள். இருபத்தைந்தாவது ப்ளேட்டில் இருந்துதான் வீட்டுக்கு. ஒன்பதாவதில் ஒருங்கமை சமன்பாடுகள் என்று படித்திருப்பீர்களே, அதுதான் இது.

இனி வளைவு. விலையை ஐந்தைந்தாக ஏற்றினால் என்ன ஆகும்? ஒவ்வொரு ஐந்து ரூபாய்க்கும் நாலு ப்ளேட் குறையும் என்று வைத்துக்கொள்வோம். இந்த நாலு நானாக வைத்தது, உண்மை உங்களுக்குத்தான் தெரியும். எ தடவை ஏற்றினால் விலை 60 + 5எ, விற்பது 80 − 4எ. பெருக்கினால் வரவு 4800 + 160எ − 20எ². எ²-க்கு முன்னால் மைனஸ், ஆகவே குண்டான் கவிழ்ந்துவிட்டது. மலை மாதிரி ஏறி இறங்கும்.

எ = 0 என்றால் 4800. எ = 8 என்றாலும், அதாவது 100 ரூபாய் விலையில் 48 ப்ளேட் என்றாலும், அதே 4800. இரண்டு பக்கமும் ஒரே உயரம், அப்படியானால் உச்சி நடுவில், எ = 4. 80 ரூபாய்க்கு 64 ப்ளேட், 5120. உங்கள் மகள் 1-க்கும் 2-க்கும் நடுவில் தேடினாளே, அதே மடிப்புதான்.

ஆனால் வரவு அதிகம் என்பதற்காக லாபமும் அதிகம் என்று நினைக்க வேண்டாம். ப்ளேட்டுக்கு 35 கழித்துப் பாருங்கள். லாபம் (25 + 5எ)(80 − 4எ) = 2000 + 300எ − 20எ². எ = 7 என்றால் 60 × 52 = 3120. எ = 8 என்றால் 65 × 48 = 3120. ஒரே எண் இரண்டு தடவை! பாப்பா இங்கேயும் தட்டையாக ஒரு கோடு போட்டுவிடுவாள். உச்சி நடுவில், எ = 7.5, 3125. அந்த நாளுக்கு 600 செலவைக் கழித்தால் மலை முழுவதும் 600 கீழே இறங்கும். உச்சி இடமோ வலமோ நகராது. எ ஒட்டாத தனி எண்ணுக்கு, அதாவது மாறிலிக்கு, மேலும் கீழும் நகர்த்துகிற வேலை மட்டும்தான்.

மீட்டர்_போடாத_ஆட்டோ (காலை 9:10)

அப்படியானால் அக்கா 97 ரூபாய் 50 காசுக்கு அத்தோ விற்கணும். வியாசர்பாடியில். இன்னா வாத்தியாரே!

அத்தோ_வண்டி (காலை 9:45)

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கும் சிரிப்புதான் வந்தது. 24 ப்ளேட் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. எனக்கு ஏழரை மணிக்குத்தான் மூச்சு வரும் என்று வீட்டில் சொல்வேன். எண்ணிப் பார்த்தால் ஏழரைக்கு இருபத்தைந்து பக்கம் போயிருக்கும். இத்தனை வருஷம் எண் தெரியாமலே நேரம் தெரிந்திருக்கிறது.

ஆனால் 100 ரூபாய்க்கு 48 பேர் வர மாட்டார்கள். 70 வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுவார்கள். 75 ஆனால் மொத்தமாக அடுத்த தெரு வண்டிக்கு நடந்துவிடுவார்கள். நாலு நாலாகக் குறையாது, திடீரென்று விழும்.

வண்ணை_வாத்தியார் (காலை 10:30)

உங்கள் வாயால் வர வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். ஆட்டோ அண்ணனின் 3.40 மாதிரிதான் இதுவும். "ஐந்துக்கு நாலு" என்ற நேர்க்கோடு 60, 65, 70 வரை ஓரளவு தாங்கலாம். 75-இல் ஒடிகிறது. ஒடிந்த பிறகும் அதே கோட்டை இழுத்துக்கொண்டே போனால் 97.50 என்று ஓர் அழகான விடை வரும், வாங்க ஆள் வராது. அந்த நாலு என்ற எண் எனக்குத் தெரியாது. உங்களால் கண்டுபிடிக்க முடியும்.

அப்புறம் தீர்க்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. பாப்பா காரணிப்படுத்தத் தெரிந்தவளாக இருந்தால் எ² − 3எ − 4-ஐ (எ − 4)(எ + 1) என்று உடைத்து 4, −1 என்று நொடியில் சொல்லிவிடுவாள். இருபடிச் சூத்திரத்தில் போட்டால் (3 ± √25)/2, அதாவது 1.5 ± 2.5. இதை மட்டும் மகளிடம் கிராஃப் தாளின் மேல் விரல் வைத்துக் காட்டுங்கள். 1.5 என்பது மடிப்பு. 2.5 என்பது மடிப்பிலிருந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எடுத்து வைக்கிற தூரம். சூத்திரத்தை மனப்பாடம் செய்து எட்டு வருஷம் ஒப்பித்த பிள்ளைகளுக்கும் அது அந்தத் தாளிலேயே வரைந்து கிடக்கிறது என்று தெரியாது. வர்க்கமூலத்துக்குள் இருப்பது தன்மைகாட்டி. அது மைனஸ் ஆனால் எடுத்து வைக்கத் தூரமே இல்லை. வளைவு எ அச்சைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும், மெய் மூலங்கள் இல்லை.

எ²-க்கு முன்னால் 1 இல்லாமல் வேறு எண் இருந்து, காரணி சிக்கவில்லை என்றால் பின்னத்தில் மாட்டிக்கொண்டு அழ வேண்டாம். ஸ்ரீதரர் என்ற பழைய கணித அறிஞர் ஒரு வழி சொன்னதாக, பாஸ்கரர் என்ற இன்னொரு கணித அறிஞர் 12-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். முதல் கெழுவின் நாலு மடங்கால் எல்லாவற்றையும் பெருக்கிவிடு என்பதுதான். 3எ² + 5எ − 2 = 0 என்று எடுங்கள். 12-ஆல் பெருக்கினால் 36எ² + 60எ = 24. இரண்டு பக்கமும் நடுக் கெழுவின் வர்க்கம் 25-ஐச் சேர்த்தால் இடது பக்கம் (6எ + 5)², வலது பக்கம் 49. ஆக 6எ + 5 = 7 அல்லது −7. எ = 1/3 அல்லது −2. வழியில் எங்கேயும் பின்னம் தலைகாட்டவில்லை. விடையில் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

ப்ளஸ்ஒன்_கொருக்குப்பேட்டை (மாலை 5:20)

சார் இதை எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை. நாங்கள் பின்னத்தில்தான் அழுதோம்.

அத்தோ_வண்டி (ஒன்பது நாள் கழித்து, இரவு 11:55)

பழைய இழையைத் தூக்கிவிட்டதற்கு மன்னிக்கவும். பரீட்சை நேரம், வண்டி, வீடு என்று ஓடிவிட்டது.

பள்ளியில் ஒரு சின்னத் தேர்வு வைத்தார்கள். இந்த முறை 8-க்கு 7. ஒரு மார்க் அளவுத்திட்டம் எழுதாததற்காம், தம்பி சொன்னது சரியாகப் போயிற்று. அட்டவணைக்குக் கீழே வித்தியாசத்தைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். இது எதற்கு என்று கேட்டார்களாம். "தப்பு இருந்தா காட்டிக்கொடுக்கும் மிஸ்" என்றிருக்கிறாள். கடைசிப் புள்ளி ஒன்று அவளுக்கு அதில்தான் மாட்டியதாம்.

இன்னொரு சமாச்சாரம். மகள் பிடிவாதமாக விலையை 65 ஆக்கச் சொன்னாள். சரி, மூன்று நாள் மட்டும் என்று வைத்தேன். முதல் நாள் 79, இரண்டாவது நாள் 74, மூன்றாவது நாள் 76. சார் சொன்ன கணக்குப்படி 76 வர வேண்டும். நானே ஒரு நிமிஷம் வாயடைத்து நின்றேன். இரண்டாவது நாள் மழைத் தூறல் வேறு. பழைய ஆள்கள் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள், ஒருத்தர் பூண்டு வறுவல் கூடக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கிராஃப் தாளை வண்டிக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறாள். 60-க்கு ஒரு புள்ளி, 65-க்கு மூன்று புள்ளி. எண்ணெய் தெறித்துத் தெறித்து இப்போது எது புள்ளி எது எண்ணெய் என்று தெரியவில்லை. "இது போதாதும்மா, அடுத்த வாரம் 70 வெச்சுப் பாக்கணும்" என்கிறாள். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வண்ணை_வாத்தியார் (காலை 6:05)

வேறு தாளில் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள் அம்மா. ஒரே கிழமையில் எண்ணச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தையும் திங்கட்கிழமைக் கூட்டத்தையும் ஒரே கோட்டில் வைக்கக் கூடாது.

மீட்டர்_போடாத_ஆட்டோ (காலை 8:30)

70 ஆகிறதுக்கு முந்தின நாள் மட்டும் இங்கே ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள் அக்கா. அன்றைக்கு வந்து இரண்டு ப்ளேட் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்.